ஹான் அக்காவும் சத்தம் போடாத கம்ப்யூட்டரும்

போன வெள்ளிக்கிழமை இங்கே சைகோனில் த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோயிலில் ஓர் இளைஞர் என்னைப் பிடித்துக்கொண்டார். சென்னையிலிருந்து வந்து இங்கே ஏதோ சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்திருக்கிறாராம். நான் கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அங்கிள், இப்பல்லாம் ஃபேனே இல்லாத பெட்டி வந்துடுச்சு. உள்ளங்கை சைஸ்தான், சத்தமே கிடையாது. அந்தக் காலத்துல நீங்கள்லாம் இதுக்கு என்னதான் பண்ணீங்க?"

'அந்தக் காலத்துல' என்று அவர் இழுத்த இழுப்பில் எனக்குச் சுருக்கென்றது. நான் ஒன்றும் மண்ணெண்ணெய் ஊற்றிக் கம்ப்யூட்டர் ஓட்டியவன் இல்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கூப்பிட்ட பைக் டாக்சி வாசலில் வந்து நின்றுவிட்டது. "அப்புறம் பேசுவோம் அங்கிள்" என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். வாயில் வந்த பதிலை முழுங்கவும் முடியவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் காரைக்கால்காரன். ஐடிஐயில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, சைகோனுக்குப் பக்கத்தில் பின்யுவோங் என்ற ஊரில் ஒரு தையல் தொழிற்சாலைக்கு மின் பராமரிப்பு வேலைக்கு வந்தேன். வந்த சில வருஷத்தில் தொழிற்சாலையை மூடினார்கள். ஊருக்குப் போக டிக்கெட் எடுத்துத் தருகிறோம் என்றார்கள். நானும் என் மனைவி மல்லிகாவும் போகவில்லை. ஏன் என்று கேட்டால் இன்றுவரை நாங்கள் இருவரும் ஆளுக்கொரு காரணம் சொல்வோம். சைகோனில் கம்ப்யூட்டர் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் ஒரு கடைக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். அந்தக் கடையின் முதலாளிதான் ஹான்.

என்னைவிட வயதில் சின்னவர். ஆனால் கடையில் எல்லோருக்கும் அவர் அக்காதான். எனக்கும் அப்படியே பழகிவிட்டது. அவரோ வயதைப் பார்த்து என்னை அண்ணன் என்பார். இருபது வருஷத்துக்கு மேல் நான் அவரை அக்கா என்றும் அவர் என்னை அண்ணன் என்றும் கூப்பிட்டுக்கொண்டே காலம் தள்ளினோம். அவர் பேசியதெல்லாம் வியட்நாமிய மொழிதான். இந்தக் கட்டுரையில் அவர் காரைக்கால் தமிழ் பேசுவார். எனக்குத் தெரிந்த தமிழ் அதுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹான் அக்கா பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்தவர். பட்டத்தைச் சுவரில் மாட்டி வைத்திருந்தாரே தவிர வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. யாரையும் திட்டவும் மாட்டார். நாம் தப்பாக எதையாவது பூட்டினால், கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை மெல்ல வாங்கிக்கொண்டு அந்த இடத்தில் ஒரு கிளாஸ் ஐஸ் டீயை வைத்துவிடுவார். எங்கே தப்பு என்று நாமே கண்டுபிடிக்கும்வரை டீயைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் வருஷம் நான் குடித்த ஐஸ் டீக்கு அளவே இல்லை.

எங்கள் தெருவில் மற்ற கடைகளில் நுழைந்தால் "எவ்வளவு வச்சிருக்கீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. பிறகு அந்தக் காசுக்குள் எந்தப் பிராசசர் அதிக வேகமோ அதை எடுத்து நீட்டுவார்கள். ஹான் அக்கா காசைக் கடைசியில்தான் கேட்பார். கம்ப்யூட்டரை வீட்டில் எங்கே வைப்பீர்கள், எந்த நேரத்தில் போடுவீர்கள், அந்த அறையில் வேறு யார் இருக்கிறார்கள், இதுதான் அவருடைய கேள்விகள். புதிதாக வந்தவர்கள், கம்ப்யூட்டர் வாங்க வந்தோமா பெண் பார்க்க வந்தோமா என்று குழம்புவார்கள்.

"வேகம்னு எல்லாரும் கேக்குறாங்கண்ணே. வேகம் எங்க போவும்? சூடாத்தான் மாறும். சூட்ட வெளிய தள்ள ஃபேன் கத்தும். கடிதம் அடிக்கிறவனுக்கு எதுக்கு இந்தக் கத்தல்?"

அதனால் வீட்டுக்கு என்று வாங்க வருகிறவர்களுக்கு அவர் வேகம் குறைந்த, சூடு குறைந்த பிராசசரைத்தான் கொடுப்பார். படத்துக்கென்று தனிக் கார்டு வேண்டாம், மதர்போர்டிலேயே இருப்பது போதும் என்பார். அதில் மிச்சமாகும் காசு பவர் சப்ளைக்குப் போகும். பவர் சப்ளையை அட்டைப் பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி வாங்க மாட்டார். சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறவர் போல ஒவ்வொன்றையும் வெளியே எடுத்து இரண்டு கையிலும் எடை பார்ப்பார். கனமாக இருந்தால் உள்ளே செம்பும் அலுமினியமும் ஒழுங்காகப் போட்டிருக்கிறான் என்று அர்த்தம். லேசாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். ஃபேன் பெரிதாக இருக்க வேண்டும், மெதுவாகச் சுற்ற வேண்டும். சின்ன ஃபேன் அதே காற்றைத் தள்ள இரண்டு மடங்கு ஓடும், இரண்டு மடங்கு கத்தும்.

இதெல்லாம் எனக்கு மனப்பாடம் ஆன பிறகுதான் துயெட் அம்மா கடைக்கு வந்தார்.

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன் இந்த ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே வெளிநாட்டுத் தொடர்களுக்கு ஆளாளுக்குக் குரல் கொடுக்க மாட்டார்கள். ஒரே பெண் உட்கார்ந்து எல்லோர் வசனத்தையும் வாசித்துவிடுவார். கதாநாயகன், கதாநாயகி, மாமியார், போலீஸ்காரர், பால் குடிக்கும் குழந்தை, எல்லாருக்கும் அதே குரல்தான். அசல் சத்தம் பின்னால் மெல்ல ஓடிக்கொண்டிருக்கும். முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அந்தக் குரல் இல்லாமல் கொரியத் தொடர் பார்க்கவே பிடிக்கவில்லை. மல்லிகா வியட்நாமிய மொழி கற்றுக்கொண்டதே அப்படி ஒரு குரலைக் கேட்டுத்தான். சந்தையில் அவள் மீன் பேரம் பேசினால் கொரிய மாமியார் வந்து நிற்பதுபோல் இருக்கும். மீன்காரிகள் பயந்து குறைத்துக் கொடுப்பார்கள்.

ஒருநாள் நான் குனிந்து ஒரு மதர்போர்டைப் பூட்டிக்கொண்டிருந்தபோது, "இங்க சத்தம் போடாத கம்ப்யூட்டர் கிடைக்குமா?" என்று ஒரு குரல் கேட்டது. நான் தலை நிமிரும் முன்பே என் கையிலிருந்த திருகாணி கீழே விழுந்தது. தினமும் என் வீட்டுக் கூடத்தில் டிவியில் கேட்கிற குரல். நிமிர்ந்து பார்த்தால், ஒல்லியாக, முடியை இறுக்கிக் கட்டிய ஒரு பெண்மணி, வெயிலுக்குப் போடும் கோட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

துயெட் அம்மா ஸ்டூடியோவுக்குப் போய் வாசித்துக்கொண்டிருந்தவர். கணவருக்குப் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையானார். வீட்டில் வேறு யாரும் இல்லை. வீட்டை விட்டு நகர முடியாது, வேலையையும் விட முடியாது. வீட்டிலிருந்தே பதிவு செய்து அனுப்புகிறேன் என்று ஸ்டூடியோவில் கெஞ்சியிருக்கிறார். ஒரு புதுத் தொடரின் முதல் பகுதியைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர் வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் பதிவு செய்து அனுப்பினார். திரும்பி வந்துவிட்டது. படம் அமைதியாகும் இடத்தில் எல்லாம் பின்னால் வண்டு ரீங்காரம் போடுகிறதாம்.

"இன்னொரு தடவ பாப்போம்னாங்க. அதுலயும் சத்தம் இருந்தா தொடர வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. என் கையில இருக்கறது இவ்வளவுதாங்க" என்று ஓர் உறையை மேசையில் வைத்தார்.

ஹான் அக்கா உறையைத் தொடவில்லை. "எந்த நேரத்துல வாசிப்பீங்க?" என்றார்.

"மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம். எங்க சந்துல வேற நேரத்துல வாசிக்க முடியாது."

எங்களுக்கு அது புரிந்தது. சைகோன் சந்துகளில் விடிந்தால் பைக், ரொட்டி விற்கிறவரின் ஒலிபெருக்கி. பொழுது சாய்ந்தால் கரோக்கே. ஊரே வாயை மூடுவது மதியத் தூக்கத்தில் மட்டும்தான். அந்த ஒரு மணி நேரம் இங்கே யாரும் யாரையும் எழுப்ப மாட்டார்கள். கடையில் வேலை செய்கிறவர்கள்கூட மேசைக்கு அடியில் அட்டையை விரித்துப் படுத்துவிடுவார்கள்.

அவர் வைத்திருந்த காசுக்குள் நாங்கள் ஒரு பெட்டியைக் கட்டினோம். சூடு குறைந்த பிராசசர், கனமான பவர் சப்ளை, பெரிய ஃபேன். கட்டி முடித்துப் போட்டுப் பார்த்தபோது, ஓடுகிறதா இல்லையா என்று விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஒருநாள் காலையில் கொண்டுபோய் வாசலிலேயே கொடுத்துவிட்டு வந்தோம். மறுநாள் மதியமே போன். துயெட் அம்மா அழுகிற குரலில் பேசினார். நான் அதுவரை அந்தக் குரல் அழுது கேட்டது தொடர்களில்தான்.

வாசிக்க உட்கார்ந்ததும் ஃபேன் விமானம் கிளம்புவதுபோல் கத்துகிறதாம்.

ஹான் அக்கா ரிசீவரை வைத்தார். பிறகு எங்கள் கடை ஏசியை நிமிர்ந்து பார்த்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. ஊர் அடங்குகிற நேரம்தான் ஊர் கொதிக்கிற நேரம். அதுவும் மழைக்கு முந்திய ஏப்ரல் மாதம். மைக்கில் சத்தம் ஏறும் என்று அந்த அம்மா மேசை விசிறியையும் நிறுத்தி, சன்னலையும் சாத்தியிருப்பார். சூடு ஏற ஏற உள்ளே இருக்கும் ஃபேன் வேகம் எடுக்கத்தானே செய்யும்.

"நாம கேட்டுப் பாத்தது நம்ம கடைய அண்ணே. அவங்க வூட்ட இல்ல" என்றார். இந்தத் தெருவில் எந்தக் கடைக்காரரும் அதுவரை அப்படி யோசித்ததில்லை. என் மனசில் அவர் ஒரு படி ஏறியது அன்றைக்குத்தான்.

அடுத்த நாள் அவர் தன் மதியத் தூக்கத்தை விட்டுக்கொடுத்தார். இந்த ஊரில் அது சாதாரணத் தியாகம் இல்லை. ஸ்கூட்டரின் முன்னால் உதிரிபாகக் கூடை, பின்னால் நான். சந்துக்குள் நுழைந்தபோது எல்லாக் கதவும் பாதி சாத்தியிருந்தது. சந்து முனையில் பங்க்சர் ஒட்டுகிறவர்கூட ஊஞ்சல் வலையில் தூங்கிக்கொண்டிருந்தார்.

குறுகலான நீள வீடு. மேலே தகரம். முன்னறையிலேயே பைக், கட்டில், மேசை, மைக் எல்லாம். கட்டிலில் துயெட் அம்மாவின் கணவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். சுவரோரம் முன்னோர் படங்கள் வைத்த பழைய மர அலமாரி. அதன் கீழ்த்தட்டில்தான் எங்கள் கம்ப்யூட்டர். தரையில் வைக்க முடியாதா என்று கேட்டேன். மழைக்காலத்தில் கடல் ஓதத்தில் ஆறு ஏறினால் சந்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும் என்றார் துயெட் அம்மா.

ஹான் அக்கா கம்ப்யூட்டரைத் தொடவில்லை. எங்களை உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வீட்டை மட்டும் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு கம்ப்யூட்டரைப் போடச் சொல்லி, அது சூடாகிக் கத்தத் தொடங்கும்வரை காத்திருந்தார். வாசலோரம் தரையில் பூமி தெய்வத்துக்கு ஒரு சின்ன மாடம் உண்டு இங்கே எல்லா வீட்டிலும். அதன்முன் கையைக் குவித்துவிட்டு ஓர் ஊதுவத்தியை எடுத்துக் கொளுத்தினார். நான் வேண்டுதல் என்று நினைத்தேன். ஊதுவத்தியைக் கொண்டுவந்து கம்ப்யூட்டரின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

புகை உள்ளே போகவில்லை. முகப்பில் முட்டி, தயங்கி, மேலே போனது.

"பாத்தீங்களா, மூக்க அடச்சி வச்சிருக்கான்" என்றார். பெட்டியின் முகப்பில் அழகுக்காக ஒரு பிளாஸ்டிக் கதவு. காற்றுக்கு நகக்கீறல் அளவுதான் இடைவெளி. அதைக் கழற்றி எறிந்தார். உள்ளே இருந்த வயர்களைச் சுருட்டி ஓரமாகக் கட்டச் சொன்னார். மறுபடி ஊதுவத்தி. இந்த முறை புகை ஒரே கோடாக உள்ளே இழுபட்டு, பின்பக்கம் வெளியே வந்தது. பிராசசரின் வேகத்தைக் குறைத்து, அதற்குப் போகும் மின்சாரத்தையும் குறைத்தார். ஃபேனின் வயரை இடம் மாற்றிச் சொருகி, குறைந்த வோல்ட்டில் ஓடவிட்டார். பிறகு ஜுரம் பார்க்கிற மாதிரி புறங்கையை உள்ளே வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெயில் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் சட்டை முதுகில் ஒட்டியது. கம்ப்யூட்டர் கத்தவில்லை.

நான் எழுந்துவிட்டேன். அவர் எழவில்லை. "இன்னும் ஒண்ணு இருக்கு" என்றார்.

காதைத் தீட்டிக்கொண்டு கேட்டபோது எனக்கும் கேட்டது. மிகத் தாழ்ந்த ஓர் உறுமல். அடுப்பங்கரையிலிருந்து சாப்பிடும் குச்சி ஒன்றை வாங்கினார் ஹான் அக்கா. அதன் ஒரு முனையைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் அழுத்தி, மறுமுனையை ஒவ்வொரு பாகத்திலும் வைத்துப் பார்த்தார், டாக்டர் நெஞ்சில் வைத்துப் பார்ப்பதுபோல். ஃபேன் இல்லை. பவர் சப்ளை இல்லை. ஹார்ட் டிஸ்க்கில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். பெட்டியை அப்படியே தூக்கி என் மடியில் வைத்தார். உறுமல் நின்றது. அலமாரியில் வைத்தார். வந்தது. டிஸ்க் சுற்றுகிற அதிர்வு பெட்டிக்கு இறங்கி, பெட்டியிலிருந்து அந்தப் பழைய மரத்துக்கு இறங்கி, காலி அலமாரி தவில் மாதிரி அதை வாங்கி முழக்கிக்கொண்டிருந்தது.

"பைக் ட்யூப் ஒண்ணு வேணும்ண்ணே. பழசு."

நான் சந்து முனைக்கு ஓடினேன். மதியத் தூக்கத்தில் ஒருவரை எழுப்புவது இங்கே பெரிய பாவம். பங்க்சர்காரரின் பக்கத்தில் போய் நின்று மெல்லச் செருமினேன். அவர் கண்ணைத் திறக்காமலே, "எது வேணுமோ எடுத்துட்டுப் போ, பேசாத" என்றார்.

ட்யூபைக் கழுவித் துடைத்துப் பட்டைப் பட்டையாக வெட்டினோம். பெட்டிக்குள் மேலே சிடி டிரைவுக்கான காலி இடத்தில் பட்டைகளைக் குறுக்கே கட்டி, டிஸ்க்கைத் தூளியில் பிள்ளையைப் போடுவதுபோல் தொங்கவிட்டோம். இரும்பு எதுவும் அதைத் தொடவில்லை. ஊதுவத்திப் புகை டிஸ்க்கைத் தடவிக்கொண்டு போகிறதா என்று அப்போதும் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் மூடினார்.

போட்டோம். ஒன்றுமே கேட்கவில்லை. அப்படி ஓர் அமைதியை நான் சைகோனில் கேட்டதில்லை.

பிறகு ஏதோ கேட்டது. மெல்லிசாக, விட்டு விட்டு. இழுத்து, நின்று, மறுபடி இழுத்து. ஹான் அக்காவின் முகம் மாறியது. குச்சியை எடுத்தார். டிஸ்க்கில் வைத்தார், ஃபேனில் வைத்தார், பவர் சப்ளையைச் சுற்றிச் சுற்றி வைத்துப் பார்த்தார். எங்கும் இல்லை. குச்சியைக் காதிலிருந்து எடுத்துவிட்டு மெல்லத் திரும்பிக் கட்டிலைப் பார்த்தார்.

அது துயெட் அம்மாவின் கணவர் மூச்சு விடுகிற சத்தம்.

இவ்வளவும் செய்து, இது மைக்கில் ஏறித் தொடர் கைவிட்டுப் போனால்? "கட்டிலப் பின்னறைக்குத் தள்ளிடலாமா?" என்றேன்.

துயெட் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். கண் நிறைந்திருந்தது.

"வேணாம் தம்பி. தள்ளாதீங்க" என்றார். "இத்தன நாளும் நாலு வரி வாசிப்பேன், எழுந்து போயி இவரு மூக்குக்கிட்ட விரல வச்சிப் பாப்பேன், திரும்ப வந்து உக்காருவேன். அந்தப் பெட்டி போடற சத்தத்துல இவரு மூச்சு எனக்குக் கேக்கவே கேக்காது. இன்னிக்குத்தான் உக்காந்த எடத்துலேருந்து கேக்குது."

ஹான் அக்கா மைக்கை எடுத்து அதன் முதுகு கட்டிலைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார். அந்த மைக் முன்பக்கச் சத்தத்தைத்தான் நன்றாக வாங்கும். "கம்ப்யூட்டர் வாய அடைக்கத்தான் நாங்க வந்தோம். அது அடங்கிட்டுது. நீங்க வாசிங்க" என்றார். துயெட் அம்மா அங்கேயே உட்கார்ந்து ஒரு பக்கம் வாசித்தார். ஒரு காதில்தான் ஹெட்போன், இன்னொரு காது கட்டிலுக்கு. ஒரு தரம்கூட எழவில்லை. அந்தத் தகரக் கொதிப்பில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. இரண்டு பெண்களையும் விழுந்து கும்பிடலாம் போல் இருந்தது. கும்பிட்டிருந்தால் இருவருமே பயந்திருப்பார்கள்.

ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்டார்கள். ஒலிப்பதிவாளர் ஒரு குறையும் சொல்லவில்லை என்று துயெட் அம்மா போன் செய்தார். அந்தத் தொடர் முழுவதும், அதற்குப் பின் வந்த தொடர்களும் அந்த அறையில்தான் பதிவாயின. அந்த வீட்டுக்குப் போய் வந்த மறுநாளிலிருந்து எங்கள் கடையில் வீட்டுக் கம்ப்யூட்டர் எதுவானாலும் மதிய நேரத்தில், ஏசியை நிறுத்தி, ஷட்டரைப் பாதி இறக்கி, வேர்க்க விறுவிறுக்கக் கேட்டுப் பார்த்த பிறகுதான் வெளியே போனது. சாப்பிடும் குச்சி ஒன்று ஆணியில் தொங்கியது. பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். அப்புறம் அவர்களும் ஆளுக்கொரு குச்சி வாங்கினார்கள்.

கோயிலில் கேட்ட அந்த இளைஞருக்கு இதுதான் தம்பி என் பதில். உங்கள் ஃபேனில்லாத பெட்டி நல்ல பெட்டிதான். ஹான் அக்காவுக்கும் பிடிக்கும். ஆனால் வாங்குவதற்கு முன் எந்த நேரத்தில் போடுவீர்கள், அறையில் வேறு யார் இருக்கிறார்கள் என்று அவர் உங்களைக் கேட்டிருப்பார்.

இன்னும் ஒன்று இருக்கிறது. துயெட் அம்மாவின் கணவர் இறந்து பல வருஷம் ஆகிவிட்டது. அந்த அம்மாவும் வாசிப்பதை நிறுத்திவிட்டார். போன மாதம் அந்தப் பழைய தொடரை மறுபடி போடத் தொடங்கினார்கள். ஒருநாள் நான் பின்கட்டில் இருந்தபோது மல்லிகா கூப்பிட்டாள்.

"என்னங்க, இங்க வாங்களேன். கதாநாயகன் செத்துட்டான்னு டாக்டரே சொல்லிட்டாரு. இவன் இன்னும் மூச்சு விடறானே?"

போய்ப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக் காட்சி. பாட்டு இல்லை, பேச்சு இல்லை, துயெட் அம்மாவும் வாசிக்காமல் நிறுத்தியிருக்கிறார். அந்த நிசப்தத்தில், மெல்லிசாக, இழுத்து, நின்று, மறுபடி இழுத்து.

முதலில் சிரித்துவிட்டேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. உடனே துயெட் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"டிவியப் போடுங்கம்மா, சீக்கிரம். உங்க தொடர் ஓடுது" என்றேன்.

"தெரியும் தம்பி" என்றார், என் வீட்டு டிவியில் அப்போது மௌனமாக இருந்த அதே குரலில். "தினமும் போட்டுட்டுத்தான் உக்காந்திருக்கேன்."